மஞ்சள் பெட்டித் தோட்டாக்கள்

ஐம்பது பித்தளைத் தோட்டா உறைகளிலும் வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது. லெனோரா அவற்றை மரத்தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மட்டம்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மறுபடி முதல் வரிசைக்கு வந்தாள்.

"எத்தன தடவ பாப்ப? உள்ள முட்ட ஏதாவது பொரிக்கப் போகுதா?" என்றான் டொய்ல். இறந்துபோன அவள் கணவன் ஆர்விலின் அண்ணன். கொட்டகை வாசலில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

"நீ பேசாம இரு. பேச்சுல கவனம் போயிடும்."

"நான் சொல்றத சொல்லிட்டேன். ஆட்டையெல்லாம் தள்ளிவிட்டுட்டு டவுனுக்கு வந்துடு. கரடி மறுபடி வேலிப்பக்கம் சுத்துது. தனியா ஒரு பொம்பள..."

அவள் ஒரு உறையை எந்திரத்தில் பொருத்தி, மேலே குண்டை வைத்து, கைப்பிடியை இறக்கினாள். அந்த 'கிறீச்' சத்தம் கேட்டதும் முதுகுக்குப் பின்னால் ஆர்வில் மூக்கால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. ஆறு மாதமாக இப்படித்தான். மொன்டானாவின் நீண்ட குளிர்காலங்களில் அவன் இந்த மேசையில் வேலை செய்யும்போது அவள் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்தே வேலை கைக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த மூச்சுச் சத்தம் நின்றுவிடும் என்பதால் அவள் திரும்புவதில்லை.

அலமாரியில் இரண்டு பெட்டிகள். சிவப்புப் பெட்டியில் 'கார்பைனுக்கு' என்று எழுதியிருந்தான். மஞ்சள் பெட்டியில் 'லெனோராவின் மணிக்கட்டுக்கு'. அவளுடைய ரிவால்வருக்கும் அவனுடைய கார்பைன் துப்பாக்கிக்கும் ஒரே அளவுத் தோட்டாதான். ரிவால்வர் உதைத்துக் கை வலிக்கிறது என்று அவள் ஒருநாள் முனகியதற்காக, மருந்தைக் குறைத்துக் குறைத்து, பூ மாதிரி ஒரு தோட்டா செய்து கொடுத்தான். ரிவால்வரின் குட்டைக் குழலுக்கு அந்த வேகம் போதும். கார்பைனின் நீளக் குழலில் குண்டு வேகமிழந்து பாதி வழியிலேயே சிக்கிக்கொள்ளலாம்.

ஏப்ரலில் அப்படித்தான் ஆனது. பட்டப்பகலில் கரடி குட்டியாடுகளிடம் வந்தது. ஆர்வில் கார்பைனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். தும்மல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை. குழல் அடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியும். இன்னொரு முறை சுட்டால் முகத்திலேயே வெடிக்கும். துப்பாக்கியைக் குனிந்து பார்த்தான். பிறகு, கரடி பாய்வதற்கு முன்னால் கிடைத்த அந்த ஒரு கணத்தில், வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"நாப்பது வருசம் ஒழுங்கா செஞ்சவன்," என்றான் டொய்ல், காபியை ஊதிக்கொண்டே. "கடைசியில பெட்டிய மாத்தி எடுத்துட்டான், முட்டாப்பய."

லெனோரா கைப்பிடியை விட்டாள்.

"அவன் எடுக்கல, டொய்ல்."

"என்ன?"

"முந்தின நாள் தோட்டத்துல அணில் வந்து வேரெல்லாம் தோண்டிப் போட்டுடுச்சு. ரிவால்வர்ல குறி நிக்கல. கார்பைன எடுத்தேன். தோள்ல உதைக்கும்னு மஞ்சப் பெட்டியிலேர்ந்து போட்டேன். மூணு சுட்டேன், மூணும் ஒழுங்காத்தான் போச்சு. மிச்சத்த வெளிய எடுக்கல. அவன்கிட்ட சொல்லவும் மறந்துட்டேன்."

டொய்ல் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான். மேசையெங்கும் உறைகள். கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னான்," என்றான் மெதுவாக. "'மஞ்சப் பெட்டியிலேர்ந்து நான்தான் போட்டேன்'னு. நான் கேக்கவே இல்ல. கண்ண மூடித் தூங்கிட்டான்னு நெனச்சேன். மறுபடி முழிச்சு, என் சட்டையப் புடிச்சு இழுத்து, அதையே சொன்னான். 'ஞாபகம் வெச்சுக்கோ, நான்தான்.' ஊசி மயக்கத்துல உளர்றான்னு விட்டுட்டேன்."

ஆறு மாதமாக அந்தத் திரும்பிய முகத்தில் லெனோரா, யார் மாற்றிப் போட்டது என்ற கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கேள்வியே இல்லை.

"நான்தான் போட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஆறு மாசம், லெனோரா." டொய்ல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஊர்ல போற வர்றவன்கிட்டயெல்லாம் என் தம்பிய நானே முட்டாள்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துலயே இருந்த. ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல."

அவன் வெளியேறினான். இனி வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. சத்தம் வரவில்லை.

எழுந்து கொட்டகை ஜன்னலுக்குப் போனாள். இந்த வருடத்தின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. பட்டிக்குள், ஆடுகளின் நடுவில், டொய்ல் தொப்பியில்லாமல் நின்றிருந்தான். தீவனம் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து ஆடுகள் அவனைச் சுற்றி நெருக்கி, கோட்டுப் பைகளை முட்டி முட்டி முகர்ந்தன. அவன் அவற்றை விலக்கவில்லை. அவனுடைய வழுக்கைத் தலையில் பனி விழுந்து, உருகி, விழுந்துகொண்டிருந்தது.