அரைகுறையாகக் கொடுப்பதில்லை

கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தாள் தங்கை. பழைய டிஸ்க் அடியோடு போய்விட்டது. புதியதைப் போட்டு, பழையதிலிருந்து அண்ணன் மாதாமாதம் அப்படியே எடுத்து வைத்திருந்த குளோன் நகலை அதில் இறக்கத் தொடங்கினாள்.

கட்டிலில் கிடந்த அண்ணன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். புற்றுநோய்க்காகக் குரல்வளையை வெட்டி எடுத்ததிலிருந்து அந்த லேப்டாப்தான் அவனுக்கு வாய். ஒற்றை விரலால் தட்டுவான், அது படித்துச் சொல்லும். பேனா பிடிக்கத் தெம்பில்லை. இன்று காலை அண்ணியை அருகில் உட்காரவைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் படுக்க வேண்டும்?

"ரொம்ப முறைக்காதண்ணா. எந்த டிஸ்க்குலேருந்து எந்த டிஸ்க்குக்குப் போகுதுன்னு மூணு தடவ பாத்துட்டேன். மாத்தி எழுதி நகலை அழிச்சிட மாட்டேன்."

அவன் கண்ணோரம் சிரித்தது. இருவரும் சேர்ந்து நடத்திய ரிப்பேர் கடையில் அவள் அவனிடம் வாங்காத திட்டில்லை. அரைகுறை வேலையோடு ஒரு மெஷின்கூட வெளியே போகக்கூடாது அவனுக்கு.

நகல் இறங்கி முடிந்து மெஷின் எழுந்தது. சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தாள்.

"வந்துடுச்சா? குடு, அவரு பேசட்டும்."

"இருங்க அண்ணி. குளோன்ல ரெகவரி பார்ட்டிஷன் வரல. நாளைக்கு மறுபடி படுத்துச்சுன்னா தானா எழுந்திருக்க அதுதான் வேணும். அதையும் போட்டுடறேன்."

"அத அப்புறம் பாத்துக்கக் கூடாதா?"

"பாதியில குடுத்தா உங்க வீட்டுக்காரர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு."

அண்ணி வெந்நீர் வைக்கப் போனாள்.

டிஸ்க்கின் கடைசியில் கொஞ்சம் இடம் பிரித்து, வேண்டிய ஃபைல்களை அதில் ஏற்றினாள் தங்கை. அண்ணனின் விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது.

"தெரியும்ண்ணா. மறக்கல. அதத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

மறுபடி தட்டினான். மறுபடியும்.

"வாய் போனாலும் தொணதொணப்பு போகல பாரு! ஒழுங்கா முடிக்க விடு."

தட்டுவது நின்றது. அப்பாடா, ஒருவழியாக நம்பிவிட்டான் என்று நினைத்தாள்.

பார்ட்டிஷனிலிருந்தே மெஷினை ஒருமுறை எழுப்பிப் பார்த்தாள். சுத்தமான வேலை. அவனாலேயே குறை சொல்ல முடியாது. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, லேப்டாப்பை அவன் விரலுக்கடியில் நகர்த்தினாள்.

"இந்தா. இப்ப திட்டு."

விரல் அசையவில்லை.

"அண்ணா." கன்னத்தைத் தட்டினாள். "அண்ணா, விளையாடாத. முடிச்சிட்டேண்ணா, பாரு."

அவன் கேட்டது லேப்டாப்பை. பார்ட்டிஷனை அல்ல. அடிப்பாவி, அதுகூடவா உனக்குப் புரியவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அழக்கூட வரவில்லை.

வெந்நீர் டம்ளரோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

தங்கை இல்லையென்று தலையசைத்தாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் கையை மெல்லத் தூக்கி, லேப்டாப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் திறந்திருந்த பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. திரை மங்கத் தொடங்கும்போதெல்லாம் ஒரு விரலால் தொட்டு, அணையவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.