மேஜையில் இல்லாத தண்ணீர் ஜக்கு

தங்கள் சின்ன ஒயின் ஆலைக்கு, ஒயினைச் சுவைத்துப் பத்திரிகையில் எழுதும் நிபுணர் ஒருவர் வருகிறார் என்றதும், மேஜையிலிருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துவிடச் சொன்னான் யெர்காவின் கணவன் பாஷ்கோ.

"தண்ணி கலந்து குடிக்கிற பட்டிக்காட்டானுங்கன்னு எழுதிருவாருடி!"

அவர்கள் வாழும் பிராச் தீவில் சிவப்பு ஒயினில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்காத வீடே கிடையாது. யெர்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜக்கை அடுப்படியில் வைத்தாள்.

நிபுணர் மீனோடு வெள்ளை ஒயினைப் புகழ்ந்தார். ஆட்டுக்கறியோடு சிவப்பை உறிஞ்சி, "வெயில் குடிச்ச பாறை... காய்ஞ்ச அத்தி..." என்று கண்ணை மூடினார். ரொட்டி எடுத்துவருவதாக உள்ளே போன பாஷ்கோ திரும்பவே இல்லை.

நிபுணர் குனிந்து கிசுகிசுத்தார். "அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? கலக்காம தொண்டையில இறங்கமாட்டேங்குது. நானும் பக்கத்துத் தீவுதான்."

"அடுப்படிக்குப் போங்க," என்றாள் யெர்கா. "ஜக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரு. மிச்சம் வச்சிருந்தா உங்களுக்கு."