சிமெண்டுப் பலகை

அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டி ஊட்டிவிட்டவள் அய்லி. வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டவன் தம்பி ரெய்னோ. அடக்கம் முடிந்த கையோடு, "எப்பக்கா காலி பண்ற?" என்று கேட்டான். கேட்ட வாய் அழுகாதோ! "அந்த வீட்டுல உன்னை நிம்மதியா நடக்க விடமாட்டேன்டா" என்று சர்ச் வாசலிலேயே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள்.

பனி கொட்டும் துலூத் நகரில் ஒரு டைல்ஸ் கடையில் அவளுக்கு வேலை. அடுத்த கோடையில் ரெய்னோவும் அவன் மனைவி மார்லினும் அங்கே வந்து நின்றார்கள். அம்மாவின் சமையலறைக்குப் பீங்கான் டைல்ஸ் போடப் போகிறார்களாம்.

"பிளைவுட் தரைதானே அண்ணி, அதுமேலயே ஒட்டிரலாமா? அடியில வேற ஏதாச்சும் போடணுமா?" என்று மார்லின் கேட்டாள்.

அய்லிக்கு வயிறு எரிந்தது. "நேராவே ஒட்டு" என்று ஒரு பொய் சொன்னால் போதும். அந்த ஊர்க் கோடையின் ஈரக்காற்றில் உப்பும் மரம் குளிரில் ஹீட்டர் போட்டதும் காய்ந்து சுருங்கும். டைல்ஸுக்கு வளையத் தெரியாது, வெடிக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பயல் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே முறைத்தான். அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்யப்போகிறான். அப்புறம் பொய் எதற்கு?

"நேரா ஒட்டவே கூடாது மார்லின். கலவை பூசி, அதுமேல சிமெண்டுப் பலகையை வச்சு, திருகாணி போட்டு இறுக்கணும். பலகை மேலதான் டைல்ஸ். இல்லன்னா ஒரு குளிர்காலம் தாங்காது." கடையே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

ரெய்னோ சிரித்தான். "அதான பாத்தேன்! இவ வாயால எனக்கு நல்லது வருமா? அந்தப் பலகை ஊறித் தூக்கும், நாம இடறி விழணும், அதான இவளுக்கு வேணும்? நான் நேராவே ஒட்டிக்கறேன்."

"உன் இஷ்டம்டா ராசா" என்றாள் அய்லி. டைல்ஸ் பெட்டிகளை அவளே சந்தோஷமாக வண்டியில் ஏற்றிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மார்லின் கூப்பிட்டதும், ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். வெளியே முழங்கால் உயரப் பனி, உள்ளே ஹீட்டர் ஓயாமல் ஓடியது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அம்மா காலத்துச் சட்டம். அய்லி கழற்றவில்லை. அடுப்படியிலிருந்து பின்கதவுவரை தரை பிளந்து கிடந்தது. சொந்தக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு சுவர் ஓரமாக ஒண்டி நின்றார்கள். சில்லு குத்திய பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ரெய்னோ நொண்டி நொண்டி வந்தான். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"வேணும்னேதானடி செஞ்ச?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

அய்லி ரொட்டியை மேசைமேல் வைத்தாள்.

"ஆமாடா. வேணும்னேதான் உண்மையைச் சொன்னேன்."