காலை எடுத்தும் நிற்காத மோட்டார்

'டமார்!'

படகுத்துறையே ஒரு குலுக்குக் குலுங்கியது. பட்டறையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், கேனைப் போட்டது போட்டபடி ஓடினான்.

மாமாவின் படகு மூக்கு நசுங்கி, தூணை முட்டிக்கொண்டு நின்றது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. முன்னால் இருந்த சின்ன மோட்டார் இன்னும் சுற்றியபடி படகைத் தூணோடு சேர்த்து நெருக்கிக்கொண்டிருந்தது. தூண்டில் போட வந்த வாடிக்கையாளர் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் மிதந்தபடி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

"காலை எடுத்துட்டேன்டா மாப்ள! சனியன் நிக்க மாட்டேங்குது!" என்று அலறினார் மாமா.

மெக்கானிக் படகுக்குள் குதித்து பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அப்புறம்தான் அது அடங்கியது.

மாமா அவனுடைய அக்கா புருஷன். மீன் பிடிக்க வருகிறவர்களை ஏரிக்குள் கூட்டிப்போவதுதான் அவருக்குப் பிழைப்பு. மீன் மிரளாமல் இருக்க, சத்தமில்லாத இந்தக் கரண்ட் மோட்டாரைத்தான் ஓட்டுவார். கைக்கு அதில் வேலை இல்லை. பெடலைக் காலால் அழுத்தினால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

துறைப் பொறுப்பாளர் நனைந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார்.

"கோளாறு மோட்டார்லயா, ஓட்டினவர்கிட்டயா? சாயங்காலத்துக்குள்ள நீ சொல்லணும். மோட்டார்தான்னா சரி பண்ணிக்கிட்டு நாளைக்கே போகட்டும். இல்லேன்னா படகு கரையிலதான். மாமாவாச்சேன்னு மழுப்பாத."

"அவன் ஏன் மழுப்பணும்? மோட்டார்தான் சார்" என்றார் மாமா.

மோட்டாரும் பெடலும் மேஜைக்கு வந்தன. மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்தார்.

பேட்டரி நன்றாக இருந்தது. பிளக்கைக் கழற்றினால், பித்தளை முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"பாத்தியா! திருடன் மாட்டிக்கிட்டான்!"

"மாமா, இது பூத்தா மோட்டார் ஓடாது. உங்களுது ஓடமாட்டேன்னா சொல்லிச்சு? நிக்கமாட்டேன்னுல்ல சொல்லிச்சு."

"அப்ப உன் அக்கா ஜாதகம்தான் அதுக்கும். ஆரம்பிச்சா நிறுத்தாது."

"ஜாதகத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்." வாசலில் அக்கா நின்றிருந்தாள், கையில் பிளாஸ்க்கோடு. படகு முட்டிய செய்தி அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "அடி ஒண்ணும் படலையே?"

"படகுக்குத்தான்."

அவள் டீயை ஊற்றினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு வாய் குடித்துவிட்டு மாமாவிடம் நீட்டினாள்.

"அடேயப்பா, எச்சில் பண்ணிக் கொடுத்தாத்தான் இறங்குமோ? பேரன் எடுக்கிற வயசுல இதெல்லாம் தேவையா?" என்றான் மெக்கானிக்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றாள் அக்கா. மாமா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நிற்காமல் ஓடுகிற மோட்டாருக்குக் காரணங்கள் அதிகம் கிடையாது. பெடலின் பட்டன் மண் புகுந்து சிக்கியிருக்கலாம். உள்ளே ஸ்விட்சின் முனைகள் கருகி ஒட்டியிருக்கலாம். ஒயர்கள் தோல் உரிந்து ஒன்றையொன்று தொடலாம். மெக்கானிக் பெடலைப் பிரித்தான். மண் இல்லை. ஸ்விட்ச் 'டிக்' என்று சுத்தமாக அழுந்தி, சுத்தமாக எழும்பியது. ஒயரை விரல் விரலாக வளைத்துப் பார்த்தான். எங்கேயும் கீறல் இல்லை. காலை எடுத்தாலும் ஓடட்டும் என்று போட்டுவைக்கிற தனி ஸ்விட்சும் அணைந்தே இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பழுதுக்காக அவன் சாமியைக் கும்பிட்டான். ஒரே ஒரு கருகல் போதும். மாமா நாளைக்கு ஏரிக்குப் போய்விடுவார்.

"மாமா, கால்ல அழுத்தும்போதுதான் அது ஒட்டுதோ என்னவோ. நீங்களே அழுத்திக் காட்டுங்க."

பெடலை மூடித் தரையில் வைத்தான். ஒயர் முனைகளில் மீட்டரைக் கவ்வவிட்டான். ஸ்விட்ச் சேர்ந்தால் மீட்டர் கத்தும், பிரிந்தால் ஓய்ந்துவிடும். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெடல்மேல் வைத்தார். கண் மேஜைமேல் இருந்த மீட்டரிலேயே இருந்தது.

கீ...ங் என்றது மீட்டர்.

"இப்ப எடுங்க."

கத்தல் ஓயவில்லை.

"எடுத்துட்டேன்! கேட்டுச்சா? இன்னும் கத்துது பாரு! நான்தான் அப்பவே சொன்னேனே!" மாமாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பொறுப்பாளரைக் கூப்பிடுடா!"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். குதிகால் மட்டும் அரை விரல் எழும்பியிருந்தது. முன்பாதம் பெடலை அழுத்தியபடியே இருந்தது.

அவன் தரையில் மண்டியிட்டு, மாமாவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் தூக்கினான்.

மீட்டர் ஓய்ந்தது.

மாமா முதலில் மீட்டரைப் பார்த்தார். பிறகு அவன் கைகளைப் பார்த்தார். கடைசியாகத்தான் தன் காலைப் பார்த்தார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே மூடிய பிளாஸ்க்கைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சர்க்கரை இருக்கு, கால் மரத்துப்போகும்னு டாக்டர் சொன்னாரு" என்றார் மாமா. குரல் உள்ளே போயிருந்தது. "அது இவ்வளவு தூரம் வந்திருக்கும்னு நினைக்கலடா."

மெக்கானிக் படபடவென்று பேசினான். "இதுக்குப் போயா மாமா? பெடலே வேணாம். கையில பிடிக்கிற ரிமோட் இருக்கு, டிவிக்கு இருக்கே, அது மாதிரி. விரலை வெச்சா ஓடும், எடுத்தா நிக்கும். நானே மாட்டித் தர்றேன். மோட்டாரையும் மாத்தியாச்சு, ஆளும் சரியா இருக்காருன்னு பொறுப்பாளர்கிட்ட நானே பேசுறேன். என்னக்கா, சொல்லேன்?"

அக்கா திரும்பவில்லை. அவள் தோள்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின.

மாமா காலி கிளாஸை மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகும், அது கையை விட்டுப் போய்விட்டதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கிளாஸ் சுடுதா ஆறிடுச்சான்னு என் கைக்குத் தெரியலன்னுதான் மாப்ள, உன் அக்கா குடிச்சுப் பாத்துட்டுத் தர்றா."