எச்சம் காட்டிய தீவு

சனிக்கிழமை காலை. சலூனில் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓட, சலூன்காரரின் வாய் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அவருக்கு 'வானொலி' என்று பெயர். அவர் காதில் விழுந்த செய்தி, வெட்டிய முடி தரையில் விழுவதற்குள் ஊரெல்லாம் பரவிவிடும்.

அன்று கிடைத்ததோ லேசுப்பட்ட செய்தியல்ல. அவர் மனைவி வனத்துறை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படங்களை ஆராய்பவர். எங்கே காடு குறைகிறது, எங்கே நீர் வற்றுகிறது என்று வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தே சொல்லிவிடுவார். முந்தின நாள், ஊர் ஏரி நடுவிலிருந்த மொட்டைத் தீவில் வெள்ளையாக ஒரு கறை தெரிந்தது. உப்போ, பாறையோ என்று குழம்பி, முன்பு கூழைக்கடாக்கள் வந்த ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிட்டபோது புரிந்துவிட்டது. அது பறவைகளின் எச்சம்! பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத அந்தப் பறவைகள் திரும்பி வந்து கூடு கட்டியிருக்கின்றன.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லித்தான் கணவரிடம் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பதைச் சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

சலூனில் அன்று முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் படகுக்காரர். மதியத்துக்குள் படகுத்துறையில் பலகை தொங்கியது: 'நாளை காலை பறவைத் தீவுப் பயணம். முட்டை, குஞ்சு எல்லாம் கிட்டேயே பார்க்கலாம்!'

அதைப் பார்த்த கையோடு மனைவி சலூனுக்கு வந்துவிட்டார். "ஏங்க, ஊருக்கே சொல்லிட்டீங்களா?"

"சந்தோஷத்துல வாய் தவறிடுச்சும்மா. நாலு பேர் பாத்துட்டு வந்தா என்ன கொறஞ்சிடப் போவுது?"

மனைவி கத்தவில்லை. "ஆளக் கண்டா தாய்ப் பறவைங்க மொத்தமா எழும்பிடும். இறகு மொளைக்காத குஞ்சு வெயில்ல வெந்துடும். முட்டையைக் காக்கா தூக்கிட்டுப் போயிடும். அதுங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதானே நாங்க வானத்துல இருந்தே பாக்கறோம்?"

வானொலி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் சலூனில் கூட்டம் அலைமோதும். அன்று கடையைச் சாத்திவிட்டு, சுவரிலிருந்த பெரிய டிவியைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு படகுத்துறைக்குப் போனார். பின்னாலேயே மனைவி மடிக்கணினியோடு வந்தார். அங்கே மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டமே காத்திருந்தது.

"இதச் சொன்னதும் நான்தான், போகாதீங்கன்னு கெஞ்சறதும் நான்தான்" என்று கைகூப்பினார் வானொலி. "நாம போனா குஞ்சுங்க பொழைக்காது. தீவை இங்கேயே காட்டறேன், கொஞ்சம் பாருங்க."

"யோவ், என் பொழப்புல மண்ணப் போடறியா?" என்று படகுக்காரர் எகிறினார்.

மனைவி படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். முதலில் வெறும் பழுப்புத் தீவு. அடுத்ததில் ஒரு சிட்டிகை மாவு சிந்தியதுபோல வெள்ளை. அதற்கடுத்ததில் அது படர்ந்திருந்தது. "இந்த வெள்ளை பெருகப் பெருக, அங்க குடும்பம் பெருகுதுன்னு அர்த்தம்."

தொப்பை வைத்த பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கினார். "அப்போ இது பூரா எச்சமாம்மா? இதப் பாக்கவா நான் விடியக்காலையில குளிச்சிட்டு வந்தேன்?"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. கைக்குழந்தையோடு நின்ற பெண்தான் முதலில் மிதவைச் சட்டையைக் கழற்றினார். "என் புள்ள தூங்கறப்ப யாராச்சும் கதவத் தட்டினாலே எனக்குக் கோவம் வரும். நான் வரலப்பா."

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். படகுக்காரர் டிவியின் கிட்டே போய் அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு பலகையில் எழுதியதை அழித்தார். "சரி, ஏறுங்க. ஏரி பெருசு, வேற பக்கம் சுத்திக் காட்டறேன். இனிமே தீவுப் பக்கம் ஒரு படகும் போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, சலூன் வாசலில் நிழல்கள் ஓடின. யாரோ கூவ, கழுத்தில் துணியும் கன்னத்தில் நுரையுமாக எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். மேலே கூழைக்கடாக்கள் வரிசை வரிசையாகப் பறந்தன. முன்னே பெரியவை, பின்னே தட்டுத் தடுமாறி இறக்கையடிக்கும் இளசுகள். அலுவலகம் புறப்பட்ட மனைவி நடுத்தெருவில் நின்று குழந்தைபோலக் கைதட்டினார். வானொலி மனைவியைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்.

பாதிச் சவரத்தோடு நின்ற படகுக்காரர் சொன்னார்: "நாம கிட்டப் போகாம விட்டோம், அதுங்களே நம்மளத் தேடி வந்துடுச்சு பாத்தியா! ஒரு உயிரக் காப்பாத்த அத நெருங்கணும்னு இல்லய்யா. விலகி நிக்கத் தெரிஞ்சா போதும்."