குக்கர் வைத்தியம்

உத்திரமேரூர் பஜாரில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. எவர்சில்வர், அலுமினியம், கல்யாணத்துக்கு அண்டா வாடகை. குக்கர் ரிப்பேரும் உண்டு. போர்டில் கிதர் முகம்மது என்று பெரிதாக எழுதியிருந்தாலும் ஊர் என்னைக் குக்கர் பாய் என்றுதான் கூப்பிடுகிறது. நான் மெக்கானிக் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி ஜாஹிரா இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறாள்.

ஜாஹிரா பன்னிரண்டாவதோடு நின்ற படிப்பை முப்பத்தெட்டு வயதில் அஞ்சல்வழியில் மறுபடி பிடித்தாள். பி.ஏ. வரலாறு. எல்லாப் பேப்பரும் பாஸ், ஆங்கிலம் மட்டும் பாக்கி. போன டிசம்பரில் அந்தப் பரீட்சைக்குக் காஞ்சிபுரம் தாண்டி ஏனாத்தூர் கல்லூரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். பதினோரு வருடப் பழைய டீசல் கார். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்து நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் ஆல்பர்ட் வந்து கிளப்பி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அன்று வாட்ச்மேனிடம் நான் பேசிய ஆங்கிலத்துக்கே அவளுக்குப் பாஸ் போட்டிருக்கலாம். போடவில்லை.

அடுத்த பரீட்சை இந்த மே மாதம். இதையும் விட்டால் பதிவுக்காலம் முடிந்து, படித்தது அத்தனையும் ரத்து. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை இந்த டிகிரிக்காக ஜூன் வரை காத்திருக்கிறது.

டிசம்பர் சம்பவத்துக்குப் பிறகு ஆல்பர்ட் ஒரு யோசனை சொன்னான்.

"பாய், இத்த வித்துடு. உனுக்கும் நிம்மதி, எனுக்கும் நிம்மதி."

ஆல்பர்ட்டோடு எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். பிள்ளையை விற்றுவிடு என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. இனிமேல் என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆல்பர்ட் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

அதன் பிறகு ஐந்து மாதம் யூடியூபே கதி. காற்று ஃபில்டரைக் கழற்றி, பாத்திரத் தூசி ஊதுகிற புளோயரால் ஊதினேன். முன்விளக்குக்கு எல்.ஈ.டி. போட்டேன். வண்டியின் கோளாறைப் போனில் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வரவழைத்துச் சொருகினேன். பின்பக்கக் கேமரா ஒன்றும் வைத்தேன். அதில் இரண்டு சின்னக் குறைகள். ரிவர்ஸ் போட்டால் மட்டும் தெரிய வேண்டிய படம் எப்போதும் தெரியும்; தெரிவதும் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, ரோடு மேலே. கழற்றித் திருப்பி மாட்டலாம்தான். ஆனால் மாட்டவே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கடைசி வேலையாக டீசல் ஃபில்டரை மாற்றினேன். போன தடவை காலை வாரியது அதுதானே. பெரிய வித்தை இல்லை. மூடியைத் திறந்து, பழைய ஃபில்டரை எடுத்துப் புதியதை வைத்து, ரப்பர் ரிங்கைப் போட்டு மூடி, கைப்பம்பை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பம்பு கல் மாதிரி இறுகினால் காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

ரிங்கு விஷயத்தில்தான் என் தொழில் குறுக்கே வந்தது. கடைக்குக் குக்கர் வரும், மூடி லூசாக இருக்கும், விசில் வராது. பழைய காஸ்கெட்டை எடுக்காமல் லேசாகச் சீவி அடியில் விட்டு, அதன் மேலேயே புதியதைப் போட்டுக் கொடுப்பேன். கும்மென்று பிடித்துக்கொள்ளும். இருபது வருடக் கைப்பழக்கம். வீடியோவில் பஞ்சாபியில் பேசியவர் பழைய ரிங்கை நோண்டி எடுத்து வீசினார். வசதியான ஊர்க்காரர், வீசுகிறார் என்று நினைத்தேன். நான் எடுக்கவில்லை. மேலேயே புதியதைப் போட்டு இறுக்கினேன். பம்பு கல் மாதிரி ஆகாமல் இட்லி பதத்தில் நின்றது. இட்லியும் நல்ல பதம்தான் என்று பானெட்டை மூடினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் போகிறேன் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்து நான்கு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் நேராக வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மடியில் ஹால் டிக்கெட். கண் மட்டும் கேமரா படத்திலேயே இருந்தது. பெருமாள் கோயிலைத் தாண்டினோம், பார்த்தாள். காஞ்சிபுரம் ரோட்டில் திரும்பினோம், பார்த்தாள். என் வேலையை ஒருத்தியாவது ரசிக்கிறாளே என்று மனசு நிறைந்தது.

"நல்லா தெரியுதா?" என்றேன்.

"நல்லா தெரியுது" என்றாள். "ரோட்ட பார்த்து ஓட்டுங்க."

திருப்புலிவனம் நெருங்கும்போது ஆக்ஸிலேட்டர் காலுக்குக் கீழே செத்துப்போனது. வண்டி இரண்டு தடவை தும்மியது. ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லின் ஓரமாகப் போய் நின்றது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. போனை எடுத்துக் கருவியைக் கேட்டேன். 'கோளாறு எதுவும் இல்லை' என்று பச்சையில் காட்டியது.

மணி எட்டு இருபது.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவர் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். முத்துவேல். என் கடை வாடிக்கைக்காரர்.

"இன்னா பாய், சக்கரம் நெல்லு மேல கீது பாரு."

"வண்டி நின்னுபோச்சுங்க."

"அது தெரியுது. கொஞ்சம் தள்ளி நின்னுருக்கலாமில்ல." இருவரும் தள்ளினோம். பானெட்டைத் திறந்ததும் எட்டிப் பார்த்துக் கைப்பம்பை ஒரு அமுக்கு அமுக்கினார். பஞ்சு மாதிரி போய்வந்தது. "காத்து பூந்துக்கீது. என் ஆயில் இன்ஜினு இப்படித்தான் பண்ணும். எங்கியோ லீக்கு கீது. ஆமா பாய், நீ காஸ்கெட்டு போட்டுக் குட்த்தியே குக்கரு, ரெண்டு மாசம் கூட நிக்கல. சைடால புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வர்து. வூட்ல என்னிய திட்டிக்கினு கீது."

எனக்கு அப்போது குக்கர் பேச்சு பேசுகிற மனநிலை இல்லை. ஜாஹிராவுக்கு இருந்தது. கதவைத் திறந்து இறங்கி வந்தாள்.

"இன்னாங்க. ஃபில்டர்ல பழைய ரிங்க எடுத்தீங்களா?"

நான் பானெட்டுக் கம்பியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"எடுக்கல" என்றாள் அவளே. "குக்கர் வைத்தியம் பண்ணிட்டீங்க."

"கும்முனு புடிச்சிச்சு ஜாஹி."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வந்த வழியைப் பார்த்தாள். நான் கைப்பம்பை அமுக்கினேன். நூறு வரை எண்ணினேன், ஸ்டார்ட் செய்தேன். உயிர் வந்து பத்தடி போய் மறுபடி செத்தது. இன்னும் நூறு. இந்தத் தடவை ஆறடி. காஞ்சிபுரம் பஸ் ஒன்று பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு, நிற்க இடமில்லாத கூட்டத்தோடு, நிற்காமலே போனது. மணி எட்டு நாற்பத்தைந்து.

ஆல்பர்ட்டின் நம்பர் போனில் முதல் பெயர். ஐந்து மாதமாகத் தொடவில்லை. கூப்பிட்டால் இரண்டு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, எனக்கு வேலை தெரியாது. இரண்டு, வண்டியை விற்கச் சொன்னது சரி. ஜாஹிரா ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டிசம்பரிலும் திரும்பி வரும்போது வழியெல்லாம் இதையேதான் செய்துகொண்டு வந்தாள். நான் கூப்பிட்டேன்.

"ஆல்பர்ட்டு, நான்தான்."

"தெரியுது, சொல்லு பாய்."

"வண்டி நின்னுபோச்சுடா. திருப்புலிவனத்தாண்ட. ஜாஹிக்குப் பரீட்சை. தப்பு என்னோடதுதான், வாடா."

"திரும்பிப் பாரு."

திரும்பினேன். இருநூறு அடி தள்ளிப் புளியமரத்தடியில், டிவிஎஸ் மொபெட்டின் மேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருவன் கையை ஆட்டினான்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சட்டை. மொபெட்டின் முன்னால் டூல் பாக்ஸ். வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் நோண்டி, சுண்டுவிரலில் ஒரு ரிங்கை மாட்டிக் காட்டினான். பிறகு இன்னொன்று.

"மோதிரம் மாத்திக்கலாமா பாய்?"

"சீக்கிரம் போட்டு முடுக்குடா."

"இன்னாத்த போட்டு முடுக்கறது? பழசு செத்துப்போச்சு, புதுசு நசுங்கிப்போச்சு. எது ஒடியும்னு தெரியாம நானு இன்னாத்த எடுத்துக்கினு வர்றது? தம்பிக்குப் போன் பண்றேன், ஷெட்டுலருந்து எடுத்துக்கினு வருவான். அதுக்கப்புறம் காத்து எடுக்கணும். பத்து மணிக்கு மேல ஆவும்." மொபெட் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "பாபிய கூட்டிக்கினு கெளம்பு. நாப்பதுக்கு மேல போவாத, வண்டி ஆடும்."

கல்யாணமான புதிதில் அவளை இப்படி இரண்டு சக்கரத்தில் வைத்துக் கூட்டிப்போனது. அப்போது நான் ஒல்லி. எதிரே லாரி வந்தால் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன். முன்னால் டிராக்டர் போனால் அதன் பின்னாலேயே போனேன். "தாண்டுங்க" என்றாள் அவள். தாண்டினேன். காஞ்சிபுரத்துக்குள் நுழையும்போது என் முதுகில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். கேட்டேன். ஸ்பெல்லிங் என்றாள்.

ஏனாத்தூரில் கேட் முன்னால் நின்றபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. டிசம்பரில் பார்த்த அதே வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். ஆங்கிலத்துக்குப் பயந்திருப்பார். ஜாஹிரா கைப்பையையும் போனையும் என்னிடம் கொடுத்தாள். கறுப்பு அங்கியின் ஓரத்தில் நெல் தூசி ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனேன்.

"இருக்கட்டும். கார் வந்தா தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காரை ஆல்பர்ட் பதினொன்றரைக்குக் கொண்டுவந்தான். இன்ஜின் சத்தம் எனக்கே பொறாமையாக இருந்தது. வெள்ளைச் சட்டையின் வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு டீசல் கறை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"கோயிலுக்குப் போலயா?"

"வியாழக்கெழமயே பாபி ஷெட்டாண்ட வந்துட்டாங்க. ஞாயித்துக்கெழம எங்க பின்னாலயே வான்னாங்க. பூசை கீது பாபின்னேன். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்னுட்டாங்க." டீயை ஊதினான். "ஒரு கண்டிஷன் வேற. அவரா கூப்புட்றவரிக்கும் கிட்ட வராத. ஒம்போது வரிக்கும் கூப்புடலன்னா நானே கூப்புட்றேன்னாங்க."

"பஸ்ல போயிருக்கலாமே அவ."

"அதையுந்தான் கேட்டேன். அஞ்சு மாசமா எனக்காகத்தான் கை கால்ல கிரீஸோட சுத்திக்கினு கீறாரு, பஸ்ல போனா தாங்கமாட்டாருன்னாங்க."

டீ சூடாக இருந்தது. அதனால்தான் கண்ணைத் துடைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வித்துடலாம்டா" என்றேன்.

"இன்னாத்துக்கு? இப்பதான் நல்லா ஓடுது. பானெட்டுக்கு ஒரு பூட்டு போட்டு சாவிய பாபிகிட்ட குட்த்துடு."

ஒரு மணிக்கு ஜாஹிரா வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்.

"லெட்டர் ரைட்டிங்ல, ஒரு கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. பாத்திரக்கடை ஒண்ணுக்கு எழுதினேன். வாங்கின குக்கர்ல ஆவி சைடால வருதுன்னு. ரெண்டு பக்கம். பாஸ் ஆயிடும்."

காரில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன், அவள் முன்சீட்டில். ஆல்பர்ட் மொபெட்டில் பின்னால் வந்தான். அவசியமில்லை என்றேன். எனக்கும் அந்தப் பக்கம்தானே வீடு என்றான்.

திருப்புலிவனத்தில் முத்துவேல் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். ஜாஹிரா நிறுத்தச் சொன்னாள். நெல்லைத் தாண்டி நிறுத்தினேன். குக்கரை நாளைக்குக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன், பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றே ஒன்று போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு ஜாஹிராவைப் பார்த்து, "பரீச்ச எழுதிட்டியாம்மா?" என்றார். எழுதிவிட்டேன் என்றாள்.

மறுபடி கிளம்பியபோது அவள் கண் கேமரா படத்துக்குப் போனது. இந்தத் தடவை நானும் பார்த்தேன். வானம் கீழே, ரோடு மேலே. நடுவில், வெள்ளைச் சட்டையில் கறையோடு, ஆல்பர்ட் தலைகீழாகத் தொங்கியபடி வந்துகொண்டிருந்தான். காலையிலும் இப்படித்தான் வந்திருப்பான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம இத்தத் திருப்பி மாட்டிட்றேன்" என்றேன்.

"வாணாம். நீங்க இதுல கை வெக்காதீங்க" என்றாள் ஜாஹிரா.