இடப்பக்கம் சாய்ந்த தையல்

அன்று காலை வெட்டுமேசையைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர்: பெரியக்கா, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள். ஐந்தாவதாக மாப்பிள்ளை, அந்த மகளுடைய கணவர், உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் வாசல்வரை வந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைச் சேர்க்க வேண்டியதில்லை. நேரில் பார்த்ததாகப் பிற்பாடு கதை அளந்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

நாடகக் கம்பெனிகளுக்குப் பழங்காலத்து உடை தைத்துக் கொடுப்பது அந்த வீட்டுத் தொழில். ராணி போடும் கவுன், அதற்குள்ளே இடுப்பை இறுக்கும் கச்சை, கவுனைக் குடைபோல விரித்து நிறுத்தும் உள்பாவாடை, எல்லாமே கைத்தையல். தையல் மெஷின் ஒன்றும் இருக்கிறது. அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

அளவெடுக்கும்போதே பெரியக்கா வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார்: "எங்க வீட்டுக் கைதான் தைக்கும். வெளியாள் ஊசி இதுல ஏறாது." அவருடைய அப்பா காலத்திலிருந்து சொல்லிவரும் வார்த்தை அது. இதுவரை பிசகியதில்லை.

நண்பகலுக்குள் கம்பெனியின் உடைப்பொறுப்பாளர் அம்மா வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போவதாக ஏற்பாடு. பெரியக்கா கவுனைப் பார்த்து முடித்தார். கச்சையில் கயிறு கோக்கும் கண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு உள்பாவாடையை உள்வெளியாகத் திருப்பி, மடித்துத் தைத்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனவர் பாதியில் நின்றுவிட்டார். அதுவரை வலப்பக்கம் சாய்ந்துவந்த தையல், அங்கிருந்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது யாரு கை?"

"நம்ம கைதான். பின்ன என்ன, பேய் வந்தா தைச்சிட்டுப் போச்சு?" என்றார் தம்பி.

"பேய் இவ்வளவு சீரா தைக்காதுடா."

தம்பி மனைவி எட்டிப் பார்த்தார். "துணியத் திருப்பிப் போட்டுத் தைச்சிருப்பா, அண்ணி."

"திருப்பிப் போட்டாலும் சரி, தலைகீழாத் தொங்கினாலும் சரி, சாயுற பக்கம் மாறாது. எனக்கே கதை சொல்றியா?" பெரியக்கா தம்பி மகள் பக்கம் திரும்பினார். பாவாடை அவள் பொறுப்பு. அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். "அந்தக் கையைக் கொஞ்சம் வெளிய காட்டு."

கட்டைவிரலில் பெரிய கட்டு.

"நகச்சுத்து, அத்தை. ஊசி பிடிக்க முடியல."

"சொன்னா வாயில முத்தா உதிர்ந்திடும்?"

"சொன்னா பாவாடையை அம்மாகிட்ட குடுத்திருப்பீங்க. முழுசா ஒண்ணு எனக்குன்னு குடுத்ததே இப்பதான்."

"சரி. அப்ப மிச்சத்தைத் தைச்சது யாரு?"

அவள் உள்பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை தேநீரோடு வந்து, ஒரு டம்ளரை எடுத்துப் பெரியக்காவிடம் நீட்டினார். பெரியக்கா டம்ளரைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். மனைவியின் விரலுக்குக் கட்டுப் போட்டவரும் அவர்தான். கொஞ்ச நாளாக வீட்டில் தலையணை உறைகளின் ஓரமெல்லாம் திடீரென்று நேர்த்தியாகிக் கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் பெரியக்காவுக்குப் புரிந்தது.

இடப்பக்கத் தையலைப் பார்த்தால் வேலையை வெளியில் கொடுத்தார்கள் என்பார்கள்; அப்பாவின் வார்த்தை போயிற்று. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையை உட்காரவைத்துப் பெண்கள் உள்பாவாடை தைக்க வைத்தார்கள் என்பார்கள். வீட்டு மரியாதை போயிற்று. பிரித்துத் தைக்கவோ நேரமில்லை.

"தப்புன்னா நானே பிரிச்சுடறேன், பெரியம்மா," என்றார் மாப்பிள்ளை.

"முதல்ல உக்காருங்க. தைச்சுக் காட்டுங்க."

அவர் மனைவியின் வலப்பக்கம் உட்கார்ந்து ஊசி கோத்தார். அவருடைய இடது முழங்கை அவளுடைய வலது முழங்கையில் இடித்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்து கொடுத்தாள். அது பழகிப்போன நகர்தல் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஊசி நிதானமாகப் போய் வந்தது. குறை கண்டுபிடித்தே தீருவது என்று பெரியக்கா குனிந்து பார்த்தார்.

"முடிச்சுதான் மூட்டை மாதிரி இருக்கு," என்றார் கடைசியில்.

"சின்னதாப் போட்டா அவுந்துடுது, பெரியம்மா."

"அவுராது. அப்புறம் காட்டறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, உடைப்பொறுப்பாளர் அம்மா வந்துவிட்டார். துணி தெரிந்தவர். பாவாடையை உள்வெளியாகத் திருப்பினார், பெரியக்கா நின்ற அதே இடத்தில் அவரும் நின்றார்.

"இங்கேருந்து வேற கை மாதிரி தெரியுதே. வெளிய குடுத்து வாங்கினீங்களா?"

மகளுடையதுதான் என்று சொல்லிவிடத் தம்பி வாயெடுத்தார். பெரியக்கா கையமர்த்தினார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை.

"எங்க வீட்டு மாப்பிள்ளை தைச்சது. இடதுகைக்காரர்."

"மாப்பிள்ளையா? உள்பாவாடையா?"

"உள்பாவாடைதான். இழுத்துப் பாருங்க, ஒரு தையல் நழுவுதான்னு."

அந்த அம்மா ஓரத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார். "அடுத்த நாடகத்துக்கும் இவர் தைப்பாரா?"

"மருந்துக்கடை லீவன்னிக்குத் தைப்பேன்," என்றார் மாப்பிள்ளை. யாரும் அவரைக் கேட்கவில்லை.

அந்த அம்மா போன பிறகு பெரியக்கா தன்னுடைய கத்தரிக்கோலையும், ஊசி குத்தாதிருக்கப் போடும் விரல்தொப்பியையும் எடுத்தார். தைக்க உட்காரும் பெஞ்சின் இடக்கோடி அவருடைய இடம். அப்பா உட்கார்ந்திருந்த இடமும் அதுதான். அங்கே வேறு யாரும் துணிகூட வைத்ததில்லை. எழுந்து, நடுவில் போய் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க அந்தக் கோடிக்குப் போங்க. இடது கை அங்கதான் யாரையும் இடிக்காது. பாவம், புள்ளைக்குக் கட்டைவிரலும் போயி முழங்கையும் போகணுமா?"

அந்த வருஷம் உள்பாவாடையை வெளியாளிடம் கொடுத்துத் தைத்தார்கள் என்று தெருவில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். வலப்பக்கம் சாய்ந்திருப்பது மகள் தைத்தது, இடப்பக்கம் சாய்ந்திருப்பது மாப்பிள்ளை தைத்தது. அவரை வற்புறுத்தித் தைக்க வைத்தார்கள் என்பதும் பொய். கவுனும் தைக்கிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பெரியக்கா இன்னும் கொடுக்கவில்லை.